வாலு.வீடு

"வீட்டுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருக்கு எந்தப் பேரு வேணும்னாலும் வைக்கலாம்மா. கடைசியில புள்ளி வச்சு 'வீடு'ன்னு முடியும்" என்றார் நெட்வொர்க் போட வந்தவர்.

"சமையல்கட்டுல இருக்கிறது அடுப்படி.வீடு. இவரோடது குறட்டை.வீடு" என்றாள் வீட்டம்மா. கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பழைய செட்டிங்ல 'வாலு'ன்னு ஒண்ணு இருக்கு. அந்த மிஷின் இங்க இல்லையே, எடுத்துடவா?"

"வேண்டாம்ப்பா. அது என் பையனோட லேப்டாப். கோவிச்சுக்கிட்டுப் போனப்போ கையோட எடுத்துட்டுப் போயிட்டான். வாசல்ல வந்து திறந்தாலே நம்ம வைஃபைய புடிச்சு இந்தப் பேரு என் திரையில வந்துடும். போன மாசம்கூட வந்துச்சு. தெருமுனை வரைக்கும் ஓடினேன். அதுக்குள்ள போயிட்டான்."

நெட்வொர்க் போட வந்தவர் அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டார்.

வேலை முடிந்து கிளம்பியவரோடு கேட் வரை வந்த கணவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, வாலுங்கிற பேரு மட்டும் அவ திரையில வராம பண்ண முடியுமா?"

"ஏன் சார்? பையன் வந்தா தெரிய வேண்டாமா?"

"மார்ச்சுவரியில அவன் துணிமணியோட அந்த லேப்டாப்பையும் என்கிட்டதான் குடுத்தாங்க. இவ தாங்க மாட்டாளேன்னு மறைச்சு வச்சிருக்கேன். போன மாசம் அவன் போட்டோவப் பாக்கணும்போல இருந்துச்சு. மொட்டை மாடியில உக்காந்து திறந்தேன். இவ தெருவுல ஓடுறது அங்கேருந்தே தெரிஞ்சுது."