நாலஞ்சு சின்ன ஊர்கள்

நிலக்கரி முதலாளி திருவேங்கடத்துக்கு நீதிமன்றம் வினோதமான தண்டனை கொடுத்திருந்தது. சிறையில் உட்கார்ந்து புவி வெப்பமாவதைத் தடுக்கும் கணினி விளையாட்டை ஆட வேண்டும். திரையில் உலகத்தைக் காப்பாற்றும் அன்று விடுதலை. காவலுக்கு இருந்த அமலோற்பவத்தின் ஊரான புன்னைத்துறையை, அவள் புருஷனோடு சேர்த்துக் கடல் கொண்டுபோயிருந்தது. திருவேங்கடம் ஆட்டத்தில் தோற்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

பல வருடங்கள் கழித்து ஒரு மத்தியானம் அவர் துள்ளி எழுந்தார். "ஜெயிச்சிட்டேன் மேடம்! உலகம் பொழைச்சிடுச்சு!"

அமலோற்பவம் திரையருகே வந்தாள். பனிமலைகள் வெள்ளையாக இருந்தன. தெற்குக் கரையை விரலால் தடவித் தேடினாள்.

"புன்னைத்துறை எங்க?"

"அங்க கடலுக்குச் சுவர் கட்டினா கணக்கு உதைக்குது. சின்ன ஊருங்க, நாலஞ்சுதான் போச்சு. விளையாட்டுதானே மேடம்? நீங்க பதிவு பண்ணிட்டா நான் கிளம்பிடுவேன்."

'பதிவு' என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் 'அழி' என்றும் ஒன்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் அதை அழுத்தினாள். பனிமலைகள் மறைந்து, பழைய உலகம் மறுபடி கொதிக்கத் தொடங்கியது.

"உக்காருங்க ஐயா," என்றாள் அமலோற்பவம். "எங்க ஊரு கரையேறாம நீங்களும் வெளிய போவ முடியாது."