மேல்பட்டாம்பாக்கத்து இடுப்பு

“மேல்பட்டாம்பாக்கம்! காலைத் தூக்குங்கன்னா கூரையைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கறீங்க?”

அறிவுமதி போட்ட அதட்டலில், கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த அத்தனை பேருடைய காலும் ஒன்றாக மேலே போனது.

சிதம்பரத்தில் அந்த மருத்துவமனைக்கு இடுப்பு மூட்டு மாற்ற வருகிறவர்களை, ஆபரேஷனுக்கு முன்னால் உடற்பயிற்சி செய்ய வைத்துத் தேற்றுவது அவள் வேலை. பெயர் கேட்டு, குசலம் விசாரித்துக் கொண்டிருப்பதெல்லாம் அவளுக்கு ஆகாது. பண்ருட்டி, வடலூர் என்று ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். பெரிய டாக்டரிலிருந்து ஆயாம்மா வரை அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டிருந்தாள்: “மூணு வாரம் தினமும் வரணும். ஒருநாள் மட்டம் போட்டாலும் இலவச ஆபரேஷன் லிஸ்ட்ல பேர் இருக்காது. அடிச்சிடுவேன்.”

எல்லோரும் பயந்துகொண்டு வந்தார்கள். ஆனால் இந்த மேல்பட்டாம்பாக்கத்துக்காரர் மட்டும் வந்து அவள் பிராணனை வாங்கினார்.

“பாப்பா, கால் தூக்கும்போது அடியில ஒரு கை குடுக்கலாமா?”

“பாப்பான்னு கூப்பிடாதீங்க. நாலரை வருஷம் இதுக்குன்னே படிச்சிருக்கேன். எங்க வம்சத்துலயே காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நான்.”

“சரிங்க டாக்டரம்மா. கை குடுக்கலாமா?”

“மல்லாந்து படுத்துக்கிட்டு உங்க காலுக்கு நீங்களே எப்படிக் கை குடுப்பீங்க?”

பக்கத்துப் பாயிலிருந்த பண்ருட்டிக்காரர் சிரித்தார். “விடும்மா, மனுஷன் யானை மாதிரி தும்பிக்கை வச்சிருக்காரு போல.”

மேல்பட்டாம்பாக்கம் சிரிக்கவில்லை. “வலிச்சா எந்த எடத்துல வலிக்குங்க?”

“அதை என்கிட்ட கேளுங்க! இடுப்பு வலி எனக்கா உங்களுக்கா?”

அவர் அடுத்த கேள்விக்குத் தாவினார். “அழுகை வந்துட்டா நிறுத்திடணுமா?”

“அழுதுக்கிட்டே செய்யுங்க! இப்ப விட்டுட்டா ஆபரேஷனுக்கு அப்பறம் எழுந்து நிக்க முடியாம இதைவிட ஜாஸ்தி அழுவீங்க.”

“அழுதுக்கிட்டே செய்யணும்…” என்று பாடம் படிப்பதுபோல் முணுமுணுத்துக்கொண்டார்.

அறிவுமதிக்குத் தலை வெடித்தது. இவர் எங்கே அழுதார்? ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. காலைத் தூக்கச் சொன்னால் கொடிக்கம்பம் மாதிரி நேராக நிறுத்துகிறார். காப்பீட்டு அட்டை வந்ததிலிருந்து, சும்மா கிடைக்கிறதென்று தேவையில்லாததற்கெல்லாம் வரிசையில் நிற்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கம் வடலூர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சாண் உயரம் தூக்குவதற்குள் வியர்த்து ஊற்றுகிறாள். இடமில்லை என்று அவளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

“போதும். எல்லாரும் எழுந்து நடை பழகுங்க. வடலூர், வாக்கரைப் பிடிச்சிக்கிட்டு மெதுவா வாங்க.”

வடலூர் அம்மா நாலடி வைத்தாள். வாக்கர் பாயில் மாட்டிச் சாய்ந்தது.

“ஐயோ!”

அறிவுமதி திரும்புவதற்குள், தரையில் குந்தியிருந்த மேல்பட்டாம்பாக்கம் கை ஊன்றாமல் ஒரே எம்பாக எம்பி, இரண்டு பாய்களைத் தாண்டிக் குதித்து, விழப் போனவளை அப்படியே தாங்கிப் பிடித்துவிட்டார். அலுங்காமல் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, “ஒண்ணும் ஆவல, பயப்படாத” என்றார்.

கூடமே திரும்பிப் பார்த்தது.

“பலே” என்றார் பண்ருட்டிக்காரர். “எனக்கும் இந்த இடுப்பையே வைக்கச் சொல்லும்மா.”

அறிவுமதி நேராக மேல்பட்டாம்பாக்கத்திடம் போனாள். “இந்தத் தாவு தாவறீங்களே, உங்களுக்கு எதுக்கு ஆபரேஷன்? வெக்கமா இல்ல? அதோ அந்தம்மாவோட எடத்துல நீங்க படுத்திருக்கீங்க. இப்பவே பெரிய டாக்டர்கிட்ட சொல்றேன். மேல்பட்டாம்பாக்கத்தை அடிச்சிட்டு வடலூரைச் சேர்க்கட்டும்.”

அவர் ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“அதை மட்டும் செஞ்சிடாதீங்க டாக்டரம்மா. உங்க காலைப் பிடிச்சிக் கேக்கறேன்.”

“வழிய விடுங்க. எனக்கு வர்ற கோவத்துக்கு…”

“எம் பேரு சாமிக்கண்ணு. ஆபரேஷன் எனக்கில்லம்மா, எம் பொஞ்சாதி அமராவதிக்கு. அவளால தெனமும் வர முடியாதுன்னு சொல்லிட்டுப் போவத்தான் மொத நாளு வந்தேன். வராதவங்க பேரை அடிச்சிடுவேன்னீங்க. மேல்பட்டாம்பாக்கம்னு கூப்டீங்க. பாயில படுத்துட்டேன். நீங்க சொல்லிக் குடுக்கறதையெல்லாம் சாயங்காலம் வூட்ல அவளுக்குச் செய்ய வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். அழுதுக்கிட்டே செய்யறா.”

அறிவுமதிக்கு ஆத்திரம் தணியவில்லை. “இவ்ளோ பண்ணத் தெரிஞ்ச மனுஷனுக்கு, அவங்களையே தினமும் இங்க கூட்டிக்கிட்டு வர்றதுக்கு என்ன கேடு?”

இத்தனை நாளும் பணிந்து பேசிய சாமிக்கண்ணு, அப்போதுதான் முதல்முறையாக அவள் மேல் எரிந்து விழுந்தார்.

“தெனம் ரெண்டு பஸ்ஸு ஏறி எறங்க முடிஞ்சா, அவளுக்கு ஆபரேஷன் எதுக்கும்மா?”