குறை சொல்லாத கால்கள்

செயற்கைக் கால்கள் தங்களைத் தாங்களே சோதித்துச் சான்று கொடுக்கத் தொடங்கிய பிறகு, கோவைத் தொழிற்சாலையில் நஸீமாவுக்கு மிஞ்சியது அந்தச் சான்றில் கையெழுத்துப் போடும் வேலைதான். அன்று ஆயிரம் கால்கள் வரிசையாக நின்று, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றன.

"லாரி காத்துட்டு நிக்குதும்மா, போட்டுக் குடுங்க," என்றார் மேலாளர் தேவசகாயம்.

நஸீமா பேனாவை எடுக்கவில்லை, கத்தரியை எடுத்தாள். ஒரு காலைக் கவிழ்த்து, தரையை உணர்த்தும் குதிகால் கம்பியை நறுக்கென்று வெட்டினாள். "இப்பச் சொல்லு."

"எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றது கால்.

தேவசகாயம் அறுந்த கம்பியைக் குனிந்து பார்த்தார். சோதனையில் தேறிய கால்களுக்கே மதிப்பெண் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். கால்களும் தேறுவதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தன.

நஸீமா தன் சொந்தச் செயற்கைக் காலைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குப் பதிலா அந்தக் காலை மாட்டிக்கிட்டு நான் படியிறங்கினா என்ன ஆகும் சார்?"

லாரி காலியாகத் திரும்பிப் போனது. உண்மை சொல்லும் காலுக்குத்தான் மதிப்பெண் என்று பதினோரு நாள் மறுபடி பழக்கினார்கள். பன்னிரண்டாம் நாள், கம்பி வெட்டிய அதே காலை நஸீமா மேசைமேல் வைத்தாள்.

"எனக்குத் தரை தெரியவில்லை," என்றது அது. "என்னை யாருக்கும் மாட்டாதீர்கள்."

தோற்றுப்போன ஒரு காலுக்காகக் கூடமே விசிலடித்தது. மற்றவை குறையில்லை என்றன. அவற்றில் ஒன்றை மாட்டிக்கொண்டு, கையெழுத்திட்ட சான்றோடு நஸீமா மறுபடி வந்து நின்ற லாரியை நோக்கிப் படியிறங்கினாள். பதினான்கு படிகள். கைப்பிடியை அவள் தொடவே இல்லை.