மழை விடும்வரை

காவல் எறும்பு வண்டின் பின்னங்காலைக் கவ்விவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கால் துண்டாகிவிடும்.

"யார்டா நீ? எங்க புற்று வாசனையே உன்மேல இல்லையே!"

"மழைக்கு ஒதுங்கினேன் அக்கா."

"இப்படி ஒரு மூஞ்சியை நான் பார்த்ததே இல்லை."

"யாருமே பார்த்ததில்லை. எங்க ஆளுங்களைப் பார்க்கிறதே அபூர்வம்."

வண்டு பயத்தில் கொம்பை நீட்டியது. அதன் கொம்பில் தேன் மாதிரி ஒரு சொட்டு ஊறும். எறும்பு சந்தேகத்தோடு நக்கிப் பார்த்தது. காலை விட்டது. மறுபடியும் நக்கியது.

"ஏன் அபூர்வம்? எல்லாரும் செத்துட்டாங்களா?"

"சேச்சே! ஆளுக்கொரு எறும்புப் புற்றுல சௌக்கியமா இருக்காங்க. வெளியே வர்றதில்லை, அவ்வளவுதான்."

எறும்பு அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு விறைத்து நின்றது.

"அதெல்லாம் இங்கே நடக்காது. மழை விட்டதும் நீ கிளம்பிடணும்."

"கண்டிப்பா அக்கா."

உள்ளே கதகதப்பான மூலையாகப் பார்த்து வண்டு படுத்துக்கொண்டது. உலகத்தில் இதைவிட நல்ல இடம் இருக்கும் என்று அதற்குத் தோன்றவில்லை.

மழை விட்டு மூன்று மாதம் ஆகிறது. "இன்னும் கிளம்பலையா நீ?" என்று அந்த எறும்பு தினமும் காலையில் வந்து அதட்டும். "இதோ அக்கா" என்று சொல்லிவிட்டு வண்டு புரண்டு படுக்கும்.