பத்து சென்ட் ராகி

"அதத் தொட்டுப்போடாதீங்க! கதிர்வீச்சு பாஞ்ச ராகி. கையெல்லாம் வெந்து போயிரும்!"

வரப்பில் நின்று மயில்சாமி போட்ட சத்தத்தில், அறுப்புக்கு வந்த பெண்கள் அரிவாளோடு அப்படியே திரும்பிவிட்டார்கள்.

ஆராய்ச்சிக்காக அந்த ராகியைப் பயிரிட்டிருந்த ஜெனிட்டாவுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. காமா கதிர் பாய்ச்சியது ஆரம்பத்தில் விதைக்கு மட்டும்தான், பயிரில் ஒன்றும் இருக்காது என்று நாமகிரிப்பேட்டைப் பக்கம் அவள் சொல்லாத வீடில்லை. அதில் மாறி முளைத்த செடிகளில் இரும்புச்சத்து கூடியதாகப் பார்த்துப் பொறுக்கி, வருஷக்கணக்காக வளர்த்தெடுத்த ராகி இது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரே இப்படிப் பேசினால் எவர் வாயில் வைப்பார்கள்?

மயில்சாமியின் மகள் கிருத்திகா மோர்த் தூக்கோடு ஓடி வந்தாள். போன அறுப்பின்போது முகம் வெளுத்து, பாதி வரப்பிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிய பெண்.

"குடிங்க மேடம். அப்பா பேசறத மனசுல வெச்சுக்காதீங்க."

குடித்து முடிப்பதற்குள் மேலதிகாரியின் போன் வந்தது.

"ஒருத்தரும் சாப்பிடத் தயாரா இல்ல, ஜெனிட்டா. போதும். இருக்கறத அறுத்துக் கொண்டுவந்துருங்க, திட்டத்த மூடிடலாம்."

"சரி சார்." வாதாடத் தெம்பில்லை.

அவளும் ஜீப் டிரைவர் ரங்கனுமே குனிந்து அறுத்தார்கள். மூட்டைகளை ஏற்றும்போது பொழுது சாய்ந்திருந்தது. இடுப்பு விட்டுப்போன மாதிரி வலித்தது.

வண்டி கிளம்பும்போது மயில்சாமி குறுக்கே வந்து நின்றார். "மூட்டைய எங்கீங்க கொண்டு போறீங்க?"

"ஆபீசுக்கு. இனி இங்க இந்த ராகி வராது. உங்களுக்கு நிம்மதிதானே?"

அவர் முகம் செத்துப்போனது. ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க மேடம். போன அறுப்புல மாட்டுக்குன்னு உங்ககிட்ட வாங்குனனுங்களே, அந்த ராகியில களி கிண்டித் தின்னுதானுங்க எம்புள்ளை எந்திரிச்சு நடக்குது!"

ஜெனிட்டா அவரையே பார்த்தாள். "அப்புறம் ஏன் ஊர் பூரா விஷம்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்க?"

மயில்சாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வெளையறதே பத்து சென்ட்டு… ஊரே கேட்டா எங்களுக்கு மிஞ்சுங்களா?"