அடுப்பை அணைத்த பிறகு போடும் பூ

"அடுப்பை அணைச்சாச்சு. கடைசிக் கிண்ணத்தைக் கொண்டா, லோர்னா," என்றார் என் கணவர் வெண்டெல்.

கார் ஷெட்டில், வீட்டிலேயே நாங்கள் காய்ச்சும் பீருக்கான தானியச் சாறு பெரிய பானை நிறையக் கொதித்து அடங்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்திருப்பேன். அதிலிருந்து தேங்காய் வாசம் அடித்தது.

வேறு ஹாப் பூ.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவைப் பொடித்து, அழுத்தி, பச்சைக் குச்சிகளாக விற்கிறார்கள். பார்வைக்கு எல்லா ரகமும் ஒன்றுதான். எங்கள் உறைபெட்டியில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று இன்று போட வேண்டியது, ஆரஞ்சுத் தோல் மணம் தருவது. இன்னொன்று மருமகன் அனுப்பியிருந்த, தேங்காய் மணக்கும் புது ரகம். கண்ணாடி போடாமல் அந்தப் பையை எடுத்து எடைபோட்டிருக்கிறேன். ஹாப் விளையும் யாக்கிமா பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற காரியமா இது?

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவரே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று கிண்ணத்தை நீட்டினேன்.

ஜனவரியில் வந்த காய்ச்சல் அவருடைய மூக்கை மரத்துப்போக வைத்துவிட்டது. முப்பது வருடம் ஹாப் உலர்த்தும் கூடத்தில், முகர்ந்தே பதம் சொன்ன மனிதர். அதன்பிறகு சூப்பும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. சாப்பாட்டு மேசையில் பேச்சும் குறைந்துபோனது.

ஈஸ்டர் முடிந்த வாரம், "வந்துடுச்சு லோர்னா, காபி மணக்குது!" என்றார். அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பக்கத்தில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஒரு நாள் அடுப்பில் ரொட்டி கருகி வீடெல்லாம் நாறியது. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

கருகியதை அவர் பார்க்குமுன் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

இப்போது கிண்ணத்திலிருந்து நாலைந்து குச்சிகளை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். போடுவதற்கு முன் முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். 'தேங்காய் என்று சொல்லட்டும், ஆண்டவரே. என்னைத் திட்டட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.

"அடேயப்பா! இப்பத்தான் ஆரஞ்சு உரிச்ச மாதிரி இருக்கு," என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

பொய் சொல்லாதே என்பது கட்டளை. ஆனால் நான் அழக் கூடாதென்று ஒரு மனிதர் ஐந்து மாதமாகத் தனியாகச் சுமந்த பொய்யை, அவர் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

"நல்ல மணம். சீக்கிரம் போடுங்க, ஆறிடப் போகுது," என்றேன்.

முதலில் போட்ட பூ ஒரு மணி நேரம் வெந்து, கசப்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. அதன் மணமெல்லாம் ஆவியோடு போய்விட்டது. அதனால்தான் மணத்துக்கென்று ஒரு பங்கை எடுத்துவைத்து, தீயை அணைத்த பிறகு போடுகிறோம். கிண்ணத்தைக் கவிழ்த்து, நீளக் கரண்டியால் கலக்கத் தொடங்கினார். ஆவி பொங்கி அவர் முகத்தில் அடித்தது.

நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

"என்ன, திடீர்னு பாசம் பொங்குது?"

"பாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சட்டையெல்லாம் தானியம் அரைச்ச தூசி. சும்மா நில்லுங்க."

"தூசி தட்டுறியா, அடிக்கிறியா?"

சிரித்தேன். இந்த பீர் தேங்காயாக மணக்கும். குடிக்க வருகிற நண்பர்களிடம் நானே முந்திக்கொண்டு, தவறு என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாம். அவர்கள் நல்லவர்கள், அவரை எதுவும் கேட்க மாட்டார்கள். இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோது கரண்டி நின்றது.

வெண்டெல் தலையை நிமிர்த்தினார். ஷெட்டுக்கு வெளியே, வேலிப் பக்கம் திரும்பினார். புருவம் சுருங்கியது.

"பக்கத்து வீட்டுல தேங்காய் பிஸ்கட் சுடுறாங்க போல," என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனைப் பார்க்க ஸ்போகேன் நகரத்துக்குப் போய் இரண்டு வாரமாகிறது.

என் கை அவர் முதுகிலேயே நின்றுவிட்டது. பானையிலிருந்து வந்த ஆவியை நானும் முகர்ந்தேன்; தேங்காய்தான்.

"இன்னும் வருதா?"

"மூக்கைத் துளைக்குது!" என்றார், பானைக்குள் மறுபடி குனிந்தபடி. "ஏன், உனக்கு வரலையா?"