முடிவாகாத தரம்

கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திறக்கவில்லை. மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

சிக்னல் சுவரைத் தாண்டுமா என்று மட்டும்தான் அவள் கேட்டிருந்தாள்.

“தாண்டும்க்கா. ஆனா புது வைஃபைக்குத் தரம், அதான் ஸ்டாண்டர்டு, இன்னும் முடிவாகல. அதுக்கு முந்தி அவசரமா வந்த ரூட்டர் இது. பின்னால வர்ற சாமானோட ஒத்துப்போகும்னு நான் உறுதி சொல்ல முடியாது.”

கொழுந்தன் சாம்ராஜ் அவள் பக்கம் திரும்பினான்.

“கேட்டீங்கல்லா மதினி? கொஞ்சம் பொறுத்து வாங்குவோம்.”

பொறுப்பது அவளுக்குப் புதிதல்ல.

மகள் பியூலா கைக்குழந்தையாக இருந்தபோது, கதவை அறைந்து சாத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். சில பிள்ளைகளுக்குத் தாமதமாகும், பொறு என்றார்கள். பொறுத்தாள்.

காது கேட்காது என்று மருத்துவர் சொன்னபோது பிள்ளைக்கு நான்கு வயது. ஏன் இத்தனை நாள் கழித்துக் கூட்டிவந்தாய் என்று அவளைத்தான் கடிந்துகொண்டார். பொறு என்ற ஒருவரும் அங்கே இல்லை.

இப்போது பியூலா சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

தாயும் மகளும் பேசுவது கைகளால். வீடியோவில்.

முன்னறையில் பேசினால் வீடே வேடிக்கை பார்க்கும். பின்னறைக்குப் போனால் கல்சுவரைத் தாண்டி சிக்னல் வராது. மகளின் விரல்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். பாதிச் சொல்லில் கை அந்தரத்தில் நின்றுவிடும்.

“தரம் முடிவாக ஆறு மாசந்தான மதினி?”

“ஆறு மாசம் எம் பிள்ள பேசாம இருக்கணுமோ?”

கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டார்.

மாலையில் புது ரூட்டரை மாட்டியதும் பின்னறைக் கதவைச் சாத்தினாள்.

படம் வந்தது. பியூலாவின் விரல்கள் பத்தும் முழுசாக.

மகள் ஆரம்பித்தாள். லீவுக்கு வரப்போவதில்லை. ஒருவனைப் பிடித்திருக்கிறது. அவனுக்கும் காது கேட்காது. வீட்டில் யார் என்ன சொன்னாலும் அவன்தான்.

தாயின் கைகள் எழுந்தன.

யார் அவன்? எந்த ஊர்? என்னிடம் ஏன் முதலில் சொல்லவில்லை?

மகளின் கைகள் அதைவிட வேகம். எத்தனையோ தடவை சொன்னேன், உனக்குத்தான் வந்து சேரவில்லை.

அவள் விடவில்லை. மகளும் விடவில்லை. ஒரு சொல்கூட உடையவில்லை.

முன்னறையிலிருந்து சாம்ராஜ் குரல் கொடுத்தான்.

“என்ன மதினி, சத்தத்தையே காணோம்? வேலை செய்யலயா?”

கதவுக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன.